எல்லைப் பேச்சும் கணினி மொழியியலும்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை, இஞ்சிவிளை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகின்றது. காரோடு, செங்கல், பொழியூர், வெள்ளறடை முதலிய சிற்றூர்கள் இவ்வெல்லையை ஒட்டிக் கேரளப் பகுதியில் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1-இல் வரையப்பட்ட மாநில எல்லை இவ்வூர்களை மலையாள நிலத்தில் வைத்தது. அவற்றிற்கு அணித்தேயுள்ள விளவங்கோடு வட்டத்து ஊர்களைத் தமிழ் நிலத்தில் வைத்தது. ஆட்சி எல்லை ஒரே நாளில் மாறக்கூடியது. பேச்சு அவ்வாறு மாறுவதன்று.

இன்று மொழிகளை இனங்காணும் பணியைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு தொடர் தமிழா, மலையாளமா என்ற வினாவிற்கு நொடிப்பொழுதில் விடை கூறும் கருவிகள் வந்துவிட்டன. அவ்விடை எதன் அடிப்படையில் தரப்படுகின்றது என்பதும், எல்லைப்புறப் பேச்சிற்கு அவ்விடை பொருந்துமா என்பதும் தமிழாய்வாளர் எண்ணிப்பார்க்க வேண்டியவை. திருவனந்தபுரத்தில் வேரூன்றிய திராவிட மொழியியல் ஆய்வு மரபையும் அதன்பின் வளர்ந்த கணினி மொழியியலையும் ஒருசேர நோக்கி, இவ்விரண்டிற்கும் இடையில் எல்லைப் பேச்சு எவ்வாறு விடுபட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

எல்லைப் பகுதியின் மொழிப் பின்புலம்

இப்பகுதியின் தொன்மையான மொழிச் சான்றுகளுள் தலையாயது ஆய் மன்னன் கோ கருநந்தடக்கனின் செப்பேடாகும். கி.பி. 866-ஐச் சார்ந்த இச்செப்பேடு, முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றுப் பார்த்திவசேகரபுரம் அமைக்கப்பட்டதையும், அங்கு 95 சட்டர்க்குச் சாலை நிறுவப்பட்டதையும் கூறுகின்றது. இதன் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. பார்த்திவபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. தொல்காப்பியப் பாயிரத்தில் இடம்பெறும் அதங்கோட்டாசானின் ஊர் விளவங்கோடு வட்டத்து அதங்கோடே என்பது இப்பகுதியினர் வழிவழியாகப் போற்றிவரும் கருத்தாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலம் மொழியடிப்படையில் பிரிக்கப்பட்டது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்தோடு இணைக்கக் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்பகுதியும் அடங்கும். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு அக்கோரிக்கைக்குக் கொடுக்கப்பட்ட உயிர் விலையைக் காட்டும். இறுதியில் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

அங்கு எஞ்சிய தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வாய்ப்பளிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 5 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டோர். கணக்கெடுப்பில் ஒருவர்க்கு ஒரு தாய்மொழியே பதியப்படும். வீட்டில் ஒன்றும் பள்ளியில் மற்றொன்றுமாக இரண்டையும் இழைத்துப் பேசுவோரின் நிலை அவ்வெண்ணிக்கையில் புலப்படாது.

எழுத்து வேறு, மொழி வேறு

ஒரு மொழிக்கு ஓர் எழுத்து என்னும் ஒழுங்கு தென் திருவிதாங்கூரில் அண்மைக் காலத்ததே. வட்டெழுத்தும் அதன் வழிவந்த மலையாண்மை எழுத்தும் நெடுங்காலம் இங்கு வழக்கிலிருந்தன. வில்லுப்பாட்டாகப் பாடப்பெற்ற இரவிக்குட்டிப் பிள்ளை போர், உலகுடைய பெருமாள் பாட்டு போன்ற தெற்கன் பாட்டுகளைத் தமிழ் நாட்டார் வழக்காற்றியலாரும் மலையாள இலக்கிய வரலாற்றாசிரியரும் தத்தம் மொழிக்குரியனவாகவே கொண்டுள்ளனர். கோவளத்தை அடுத்த ஆவாடுதுறை அய்யிப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டும் அத்தகையதே. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்த இலீலாதிலகம் ‘பாட்டு’ என்னும் இலக்கிய வகைக்குத் திராவிட எழுத்தொழுங்கையும் எதுகை மோனையையும் இலக்கணமாகக் கூறுவது, இந்நிலத்தில் தமிழ் மரபின் ஆட்சியை அன்றைய இலக்கண நூலாரே உணர்ந்திருந்ததைக் காட்டுகின்றது.

தற்காலப் படைப்பிலக்கியமும் இதற்குச் சான்று தருகின்றது. தேங்காய்ப்பட்டணத்தைச் சேர்ந்த தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் கல்வி கற்றவர்; தமிழ்ப் புதினங்களைத் தொடக்கத்தில் மலையாள எழுத்தில் எழுதிப் பின்னர்த் தமிழ் எழுத்திற்கு மாற்றச் செய்தவர். ‘சாய்வு நாற்காலி’ புதினத்திற்காக அவர் 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய கையெழுத்துப் படியைக் கண்ணால் மட்டும் காண்பவர் அதனை மலையாளம் என்றே கொள்வர். வாய்விட்டுப் படித்தால் அது தமிழ் என்பது விளங்கும். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) விளவங்கோட்டுப் பேச்சைத் தமிழ் அச்சிலும், சி.வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) தென் திருவிதாங்கூரின் தமிழ் தோய்ந்த பேச்சை மலையாள அச்சிலும் பதிவுசெய்துள்ளன.

சொல்லடைவு மரபும் வ.அய். சுப்பிரமணியமும்

சொற்களைத் தொகுத்து, வகைப்படுத்தி, எண்ணிக்கை காணும் முறைமையே கணினி மொழியியலின் அடித்தளமாகும். கணினி வருமுன்னரே இம்முறைமை திருவனந்தபுரத்தில் செழித்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை, 1950-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றினார். அவரைத் தொடர்ந்து அத்துறையை வளர்த்தவர் வ.அய். சுப்பிரமணியம்.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் 1926-இல் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1957-இல் முனைவர் பட்டம் பெற்றார். நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் கிளைமொழியின் விளக்க இலக்கணமே அவரது ஆய்வேடு. 1962-இல் வெளிவந்த அவரது புறநானூற்றுச் சொல்லடைவு, அந்நூலில் வரும் சொல் வடிவங்களை இலக்கண வகையோடு நிரல்படுத்துகின்றது. ஒவ்வொரு வடிவத்தையும் பகுதி, விகுதி எனப் பிரித்து வகை குறிக்கும் இப்பணியை இன்று உருபனியல் பகுப்பாய்வி செய்கின்றது. அன்று அது சீட்டுகளின் துணைகொண்டு மனித உழைப்பால் நிறைவேறியது. அவர்தம் மாணவர் பலர் சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் இவ்வாறே இலக்கணமும் சொல்லடைவும் செய்தனர். தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகிய செருமானிய அறிஞர் 1992-இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவு இம்முயற்சி கணினி வழி விரிந்ததைக் காட்டும்.

கேரளப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் மொழியியல் துறையும், 1971-இல் திராவிட மொழியியற் கழகமும், 1977-இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனமும் உருவானதில் அவரது பங்கு முதன்மையானது. 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார், 2009-இல் மறைந்தார்.

அவருடைய ஆய்வுப் பணிகளுள் இரண்டு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையன. ஒன்று மேற்கூறிய நாஞ்சில் நாட்டுக் கிளைமொழி ஆய்வு. மற்றொன்று அவர் வழிகாட்ட மொழியியல் துறை 1974-இல் வெளியிட்ட மலையாளக் கிளைமொழிக் கள ஆய்வு. ஈழவர், தீயர் பேச்சை அடிப்படையாகக் கொண்டு கேரளத்தைப் பன்னிரண்டு கிளைமொழி வட்டாரங்களாகப் பகுத்த அவ்வாய்வு, தென் திருவிதாங்கூரைத் தனி வட்டாரமாகக் கொண்டது. எல்லையின் கிழக்கே தமிழும் மேற்கே மலையாளமும் ஒரே அறிஞரின் நெறியில் விளக்கம் பெற்றன. ஆயின் முதல் ஆய்வு நாஞ்சில் நாட்டோடு நின்றது. இரண்டாம் ஆய்வு மலையாளத்தையே பொருளாகக் கொண்டது. நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழர் பேச்சு இவ்விரண்டின் வரம்பிற்குள்ளும் அடங்கவில்லை. ஓர் ஆய்விற்கு வரம்பு இன்றியமையாதது. எனினும் இவ்விடைவெளி பின்வந்த தரவகங்களிலும் தொடர்ந்தது என்பதே நோக்கத்தக்கது.

கணினியின் வரவும் எழுத்தின் ஆட்சியும்

தமிழெழுத்தைக் கணினி கொண்டு அறிய முற்பட்ட முன்னோடிகளுள் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி குறிப்பிடத்தக்கவர். அச்சிட்ட தமிழெழுத்துகளைக் கணினி வழி இனங்காண்பது குறித்து அவரும் உடன் ஆய்வாளரும் எழுதிய கட்டுரை 1978-இல் வெளிவந்தது. 1991-இல் நடுவணரசு இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ்த் தமிழ் உள்ளிட்ட தென்னக மொழிகளின் தரவகங்களை மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் உருவாக்கியது. ஒவ்வொரு மொழிக்கும் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் இலக்காகக் கொள்ளப்பட்டன. அச்சில் வந்த எழுத்து நடையே இவற்றின் மூலப்பொருள். அச்சேறாத பேச்சு இவற்றுள் இடம்பெற வழியில்லை.

அதே 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறி, தமிழுக்கும் மலையாளத்திற்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்த முந்தைய இந்தியக் குறியேற்றத் தரத்தை அது பின்பற்றியமையால், இரு மொழிகளுக்கும் பொதுவான எழுத்துகள் ஒத்த இடங்களில் அமைந்தன. ககரத்தின் தமிழ்க் குறியெண்ணோடு 384-ஐக் கூட்டினால் மலையாளக் ககரம் கிடைக்கும். ழகரத்திற்கும் றகரத்திற்கும் அவ்வாறே. கணினியைப் பொறுத்தவரை தமிழெழுத்து மலையாள எழுத்தாக மாற ஒரு கூட்டல் போதும். எதிர்த்திசையில் இவ்வெளிமை இல்லை. மலையாளத்திலுள்ள மெலிந்த ஒலிக்கும் மூச்சொலிக்கும் தமிழில் தனி எழுத்தின்மையால் அவை இழக்கப்படும்.

மொழியறி கருவிகள் இக்குறியெண்களையே முதற் சான்றாகப் பெறுகின்றன. 2017 அளவில் பரவிய ஒரு கருவி 176 மொழிகளை இனங்காணும். 2022-இல் வெளிவந்த ஒரு பன்மொழிப் பெயர்ப்பு முறைமை 200 மொழிகளைக் கையாளும். இவற்றில் தமிழெழுத்தில் அமைந்தது தமிழாகவும் மலையாள எழுத்தில் அமைந்தது மலையாளமாகவும் கொள்ளப்படுவது இயல்பு. பயிற்சித் தரவில் எழுத்தும் மொழியும் பிரியாது வருதலின், கருவி எழுத்தைக் கற்றதா மொழியைக் கற்றதா என்று பிரித்தறிய இயலாது. மீரானின் மலையாள எழுத்துப் படியை அதனிடம் தந்தால் எவ்விடை வரும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இலக்கண மாற்ற விதிகளும் கணினி ஆய்வும்

எழுத்தை நீக்கி இலக்கணத்தை நோக்கினால் சிக்கல் மேலும் தெளிவாகும். ஏ.ஆர். இராசராச வர்மா தம் கேரள பாணினீயத்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட ஆறு வழிகளைக் கூறுவார். மெல்லின மிகுதி, தவர்க்கம் சவர்க்கமாதல், உயிர் குறுகல், திணை பால் இட விகுதி இழப்பு, பழைய வடிவங்களின் எச்சம், உறுப்புச் சிதைவு என அவற்றைத் தமிழில் கூறலாம். தமிழ் வடிவத்தை மலையாள வடிவமாக்கும் மாற்று விதிகளாக இவற்றை இன்றைய கணினி மொழியியலார் படிக்கக்கூடும்.

எனினும் இவ்விதிகள் எழுத்துத் தமிழோடு ஒப்பிட்டு வகுக்கப்பட்டவை. ‘அடித்து’ என்பது ‘அடிச்சு’ எனவும், ‘ஐந்து’ என்பது ‘அஞ்சு’ எனவும் வருதல் தமிழ்ப் பேச்சு வழக்கிலும் உண்டு. ‘தலை’ என்பது ‘தல’ எனக் குறுகலும் அவ்வாறே. ஆகவே இரண்டாம், மூன்றாம் விதிகள் பேச்சுத் தமிழையும் மலையாளத்தையும் பிரிக்க உதவா. ‘வந்து’ என்பது ‘வந்நு’ ஆகும் மெல்லின மிகுதியும், ‘வந்தேன், வந்தாய், வந்தான்’ என்பன யாவும் ‘வந்நு’ என ஒன்றாகும் விகுதி இழப்புமே உறுதியான அடையாளங்களாக எஞ்சுகின்றன. இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே நிகழ வேண்டும் என்பதில்லை. பழைய மலையாள நூலான இராமசரிதத்தில் இட விகுதிகள் நிலைத்திருத்தல் இதற்கு வரலாற்றுச் சான்று. மெல்லின மிகுதியும் இட விகுதியும் ஒரே வினையில் இணைந்துவரின், தமிழ்ப் பகுப்பாய்வி பகுதியை ஏற்காது. மலையாளப் பகுப்பாய்வி விகுதியை ஏற்காது. இரண்டும் அதனைப் பிழை எனத் தள்ளும்.

விகுதி வேறுபாட்டின் பயனைச் சோபா லலிதா தேவியின் ஆய்வுப் பணி நன்கு விளக்குகின்றது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில் கணினி மொழியியல் ஆய்வை வளர்த்த அவர், மலையாளத்திலும் இந்தியிலும் சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கின்றது என்பதைக் கண்டறியும் முறைமையைப் பி.என். பட்நாயக்குடன் இணைந்து உருவாக்கினார். பின்னர்த் தமிழிலும் இவ்வாய்வை விரித்தார். தமிழில் வினைமுற்றின் விகுதி எழுவாயைக் காட்டிக்கொடுக்கும். மலையாளத்தில் அத்துணை இல்லை. தொடரமைப்பையும் சூழலையும் கொண்டே முடிவு காண வேண்டும். நெருங்கிய உறவுடைய இரு மொழிகளுக்கு இருவேறு சான்றுகளை நாட வேண்டிய நிலையில், இரண்டும் கலந்த பேச்சிற்கு எதனை நாடுவது என்பது விடைகாணப்பட வேண்டிய வினாவாகும்.

கலப்பு மொழித் தரவுகளும் விடுபட்ட பேச்சும்

அண்மைக் காலத்தில் கலப்பு மொழி ஆய்வு வளர்ந்துள்ளது. பாரதி ராஜா சக்கரவர்த்தியும் உடன் ஆய்வாளரும் 2020-இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தரவில் 15,744 கருத்துரைகளும், மலையாள-ஆங்கிலத் தரவில் 6,739 கருத்துரைகளும் உள்ளன. திராவிட மொழிகளை ஒரே எழுத்திற்கு மாற்றிப் பயிற்றினால் இயந்திர மொழிபெயர்ப்பு மேம்படுமா என்பதையும் அவர் ஆராய்ந்துள்ளார். எழுத்து வேறுபாடு உறவு மொழிகளின் ஒற்றுமையை மறைக்கின்றது என்னும் உண்மை இதனால் ஆய்வுப் பொருளாயிற்று.

ஆயின் இத்தரவுகளில் கலப்பு என்பது ஆங்கிலத்தோடு நிகழும் கலப்பே. எல்லைப் பேச்சில் கலப்பவை ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரு மொழிகள். ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச் சொல்லிலிருந்து பிரித்தல் எளிது. ‘வீடு’, ‘மரம்’, ‘கண்’ போன்ற சொற்களை இது தமிழ், இது மலையாளம் என்று பிரிக்க இயலாது. பிரிக்க முயல்வதே பொருந்தாது. சொல்தோறும் மொழிப்பெயர் ஒட்டும் இன்றைய முறை இங்குப் பயன்படாது.

செய்யத்தக்கன

இச்சிறு மக்கள்தொகையின் பேச்சைக் கொண்டு பெருங்கருவி எதனையும் பயிற்ற இயலாது என்னும் தடை எழலாம். அது உண்மையே. எனினும் சிறு தரவு பயிற்றுதற்குப் போதாதாயினும் சோதித்தற்குப் போதும். பிராகாவின் சார்லசுப் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமி உருவாக்கிய தமிழ்த் தொடர் மரவங்கியில் உள்ளவை 600 தொடர்களே. செய்தி நடையிலிருந்து எடுக்கப்பட்ட அவை, தமிழ்த் தொடரியல் பகுப்பாய்விகளின் தரத்தை மதிப்பிட உலகளவில் பயன்பட்டு வருகின்றன. அதே அளவில் நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லையூர்ப் பேச்சிற்கு ஒரு சோதனைத் தரவகம் அமைத்தல் ஒரு தமிழ்த்துறையின் ஆற்றலுக்கு உட்பட்டதே.

அத்தகைய தரவகத்தில் ஒவ்வொரு தொடரையும் நான்கு நிலைகளில் தனித்தனியே குறித்தல் வேண்டும். எழுதப்பட்ட எழுத்து ஒன்று. ஒலி மாற்றம் இரண்டு. வினை விகுதியும் வேற்றுமை உருபும் மூன்று. பேசுவோர் தம் பேச்சிற்குத் தாமே இடும் பெயர் நான்கு. முதல் நிலையிலிருந்து நான்காம் நிலையைக் கருவிகள் ஊகித்துக்கொள்வதே இன்றைய குறைபாடாகும்.

இதன் தேவை ஆய்வளவில் நிற்பதன்று. மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் நுழைந்து வருகின்றன. பொழியூரிலோ இஞ்சிவிளையிலோ ஒரு முதியவர் தம் நோயைக் கூறும்போது, கருவி தேர்ந்தெடுத்த மொழி அவர் பேச்சிற்குப் பொருந்தாவிடில் கூற்று சிதையும். ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்க்கு அளித்த கடிதத் தொடர்பு உரிமை, கடிதத்தைக் கருவி படிக்கும் காலத்தில் கருவியின் திறனையும் சார்ந்ததாகிவிடுகின்றது.

இப்பணியில் கணினித் துறையினர் தனித்து இயங்க முடியாது. இராமசரிதத்தின் விகுதியையும் தெற்கன் பாட்டின் வடிவத்தையும் களப்பேச்சோடு ஒப்பிட்டு முடிவு கூறுவோர் தமிழ், மலையாளத் துறையினரே. அவர்தம் தரவாக்கம் பதிப்புப் பணிக்கு நிகரான ஆய்வாக மதிக்கப்படுதல் வேண்டும். புறநானூற்றுச் சொல்லடைவு அவ்வாறே மதிக்கப்பட்டது.

முடிவுரை

866-ஆம் ஆண்டுச் செப்பேடு முதல் மீரானின் கையெழுத்துப் படி வரை, இந்நிலத்தில் எழுத்தும் மொழியும் ஒன்றையொன்று சார்ந்தும் விலகியும் வந்துள்ளன. 1956-ஆம் ஆண்டின் எல்லை, பெரும்பான்மை என்னும் அளவுகோலால் ஊர்களைப் பிரித்தது. அதற்கு ஆணையமும் விவாதமும் போராட்டமும் இருந்தன. கணினி வகுக்கும் எல்லைக்கு அத்தகைய விவாதம் எதுவும் நிகழவில்லை. அச்சேறியவற்றைக் கொண்டு தரவகமும், தரவகத்தைக் கொண்டு கருவியும் அமைந்தமையால், அச்சேறாத பேச்சு தானே விடுபட்டது. வ.அய். சுப்பிரமணியம் எல்லையின் இரு பக்கத்தையும் களத்தில் சென்று கேட்டு விளக்கும் நெறியை உருவாக்கித் தந்தார். அந்நெறியால் இடையில் நிற்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழர் பேச்சையும் பதிவுசெய்தல், இம்மொழியைப் பேசும் முதுதலைமுறையினர் உள்ளபோதே நிறைவேற்ற வேண்டிய கடமையாகும்.